அம்மாவின் மாத்திரைக்குப் பல்லாங்குழியா, அலாரமா?

அம்மாவுக்கு 72 வயது. நாளைக்கு ஏழு மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டுக்கு ஒன்று. டிபனுக்கு முன்னால் சர்க்கரைக்கு ஒன்று, டிபன் ஆனதும் பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கே இன்னொன்று. மதியம் கால்சியம். ராத்திரி மறுபடி சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. எல்லா அட்டைகளும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும். அட்டையின் முதுகில் மருந்துக்கடைக்காரர் பேனாவால் 1-0-1 என்று எழுதித் தந்திருப்பார். விரல் பட்டுப் பட்டு அந்த மை பாதி அழிந்திருக்கும்.

தை மாதம் ஒரு காலை அம்மா தலைசுற்றி அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாத்திரை போட மறந்திருப்பாங்க" என்று வீட்டில் எல்லோரும் ஒரே தீர்ப்பாகச் சொன்னோம். அண்ணன் அன்றைக்கே அம்மாவின் போனில் நாலு அலாரம் வைத்தான். நான் ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். அக்கா மகள் பூட்டும் மணியும் வைத்த ஒரு இயந்திரப் பெட்டியின் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதுதான் பாட்டிக்கு" என்றாள். டாக்டர் பார்த்தபோது பிரஷர் ஏறியிருக்கவில்லை, நன்றாக இறங்கியிருந்தது. அந்தத் துப்பை ஒருவரும் கவனிக்கவில்லை.

என் பிழைப்பே செயலிகளை வடிவமைப்பதுதான். ஆபீஸில், ஒரு பொத்தானைத் திரையில் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் முன், பயன்படுத்துகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்போம். அம்மா விஷயத்தில் பார்க்காமலே பொருளை வாங்கிவிட்டேன்.

முதலில் அட்டையை எண்ணுங்கள்

பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் நாலு நாள் லீவு போட்டு திண்டுக்கல் போனேன். பில்லில் இருந்த தேதியையும் டப்பாவில் மிச்சம் இருந்த மாத்திரைகளையும் வைத்துக் கணக்குப் போட்டேன். 30 நாளைக்கு வாங்கியதில் பிரஷர் மாத்திரை நாலு நாள் முன்பே தீர்ந்திருந்தது. கால்சியம் 11 மிச்சம். சர்க்கரை மாத்திரைகளும் தைராய்டும் கணக்குக்குச் சரியாக இருந்தன. மறதிதான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் எப்படி முன்கூட்டித் தீரும்?

அடுத்த நாள் காலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிபன் முடிந்தது. அம்மா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பால்காரர் கூப்பிட்டார், போய்க் கணக்குப் பேசிவிட்டு வந்தார். டப்பா திறந்தே இருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்து நின்றார். "பிரஷர் மாத்திரை போட்டேனாப்பா?" என்றார். நான் இருந்ததால் கேட்டார். இல்லாத நாட்களில் என்ன செய்வீர்கள் என்றேன். "சந்தேகமா இருந்தா போட்டுருவேன், விடறதுக்குப் போடறது நல்லதுதானே?"

கால்சியம் வேறு கதை. அதைப் போட்டால் மலச்சிக்கல் வருகிறது என்று அம்மா தானாகவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியிருந்தார். அதில் மறதியே கிடையாது.

ஆக, ஒரே டப்பாவில் இரண்டு வேறு வேறு கோளாறு. ஒன்று, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை போடுவது. மற்றது, வேண்டுமென்றே விடுவது. நாங்கள் மூன்று பேரும் தேடிய பொருள்களோ மூன்றாவதான மறதிக்கு.

எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் 50,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு மூன்று மலிவான பொருள்களில் ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள்: நாள் போட்ட பெட்டி, கடைசியாக எப்போது திறந்தோம் என்று காட்டும் டிஜிட்டல் மூடி, மருந்துக் குப்பியில் ஒட்டிக்கொண்டு தினம் ஒன்றாகத் தள்ளிவிடும் குறிப்பான். இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றுமே அனுப்பவில்லை. மூன்றில் எதுவும், ஒன்றும் பெறாதவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் காட்டவில்லை. யார் ஏன் மாத்திரையை விடுகிறார் என்று கேட்காமல் பெட்டியை அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. நானும் அதையேதான் செய்திருந்தேன், தபாலுக்குப் பதில் கூரியர்.

அலாரம்

காசு செலவில்லை, ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடலாம். அதனால்தான் எல்லா வீட்டிலும் முதலில் இதுவே நடக்கிறது. இதன் குறை மணி அடிப்பதில் இல்லை, அது நிற்கும் விதத்தில் இருக்கிறது. அலாரத்தை நிறுத்துவது ஒரு வேலை, மாத்திரை போடுவது இன்னொரு வேலை. காலை எட்டரைக்கு அது பாடும்போது அம்மா தாளித்துக்கொண்டிருப்பார். ஈரக் கையை முந்தானையில் துடைத்து, திரையைத் தள்ளி நிறுத்திவிட்டு, "இதோ போடறேன்" என்று அடுப்புக்குத் திரும்புவார். மணி நின்றதும் மனசுக்குள் வேலை முடிந்ததாக ஒரு குறி விழுந்துவிடும். மூன்றாவது வாரம் அந்தப் பாட்டும் குக்கர் விசில் மாதிரி வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இருவர் (இவர் வேறு ஐன்ஸ்டைன்) 1990களில், பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருப்பது பற்றி ஆராய்ந்தார்கள். மணி பார்த்துச் செய்ய வேண்டிய வேலையில் வயதானவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஒன்றைக் கண்டதும் செய்ய வேண்டிய வேலையில் அந்தத் தடுமாற்றம் மிகவும் குறைந்தது. "ஒன்பது மணிக்கு" என்பதைவிட "தட்டைக் கழுவி வைத்ததும்" என்பது பிடிமானமான கொக்கி.

ஆனாலும் அலாரத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஐந்து நாள் ஆன்டிபயாடிக், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் அலாரம்தான். பார்கின்சன் நோய்க்கான மாத்திரை மாதிரி நேரம் தவறினால் உடம்பே காட்டிக்கொடுக்கும் மருந்துக்கும் அதுவே. வருஷக்கணக்கில் தினமும் போடுவதற்குத்தான் அது ஒத்துவராது.

பழக்கத்தோடு முடிச்சுப் போடுவது

இதற்கும் காசு வேண்டாம். ஏற்கெனவே நாள் தவறாமல் நடக்கும் ஒன்றைப் பிடித்து மாத்திரையை அதன் வாலில் கட்டிவிடுவது. எங்கள் வீட்டில் உடனே எல்லோரும் சொன்னது காலைக் காபி. சரி என்று சொல்லவந்தபோதுதான் உறைத்தது: தைராய்டு மாத்திரைக்குக் காபி ஆகாது. காபி அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஊரிலேயே உறுதியான பழக்கம், தப்பான மாத்திரைக்கு.

காபிக்கு முன்னால் அம்மா என்ன செய்கிறார் என்று பார்த்தேன். தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கிறார். பல் விளக்கியதும் நேரே அங்கேதான். நேற்றையதைக் கிழித்து, நல்ல நேரம், ராகு காலம், அன்றைய திதி எல்லாம் பார்த்து, கிழித்த தாளை நாலாக மடித்து மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொள்வார். இருபது வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. தைராய்டு குப்பியைக் காலண்டருக்குக் கீழே இருந்த மாடத்தில் வைத்தோம். அவ்வளவுதான்.

ஒரு பழக்கம் ஊற எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரிடம் பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். சராசரி 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் தவறினால் எல்லாம் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் உண்டு. "21 நாள்" என்று மேடையில் சொல்கிறவர்களை நம்பி மூன்றாவது வாரம் கையை விட்டுவிடாதீர்கள்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அம்மா விழுந்ததும் அதில்தான். பழக்கம் ஊற ஊற, செய்ததே நினைவில் நிற்காது. பஸ் ஏறிய பிறகு வீட்டைப் பூட்டினோமா என்று யோசிப்போமே, அதே கதை. பூட்டியிருப்போம், கை தானாகச் செய்ததால் மனசில் பதிந்திருக்காது. பழக்கம் மறதியைக் குறைக்கும், சந்தேகத்தைக் கூட்டும். சந்தேகத்தைத் தீர்க்க, போட்டதற்கு ஒரு தடயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பெட்டி, அதாவது பல்லாங்குழி

அம்மா பெட்டியைப் பார்த்ததும், "என்னப்பா இது, பல்லாங்குழி மாதிரி? புளியங்கொட்டை எங்க?" என்றார். வாரத்துக்கு ஏழு, நாளைக்கு நாலு, மொத்தம் 28 குழி. மூடியில் கிழமைகளின் ஆங்கில முதலெழுத்து மட்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. தமிழில் அந்தத் தொல்லை இல்லை: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழும் வேறு வேறு. எழுதி ஒட்டினேன். செ, வெ இரண்டும் அம்மாவின் கண்புரைக்கு ஒன்றாகத் தெரிந்ததால் வெள்ளிக்கு மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தோம்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு முன்னோடியான ஒன்றின் கதை எனக்குப் பிடிக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளரின் மனைவி, நாலு பிள்ளைகள் பெற்ற பிறகு, கருத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். "இன்னைக்குப் போட்டியா?" என்று கேட்பதும் அதற்குச் சண்டை வருவதும் வழக்கமாயின. வாக்னர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி மேசை அலமாரி மேல் வைத்து, ஒவ்வொரு கிழமை மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். மாத்திரை இருந்தால் போடவில்லை, இல்லாவிட்டால் போட்டாயிற்று. கேட்கவே வேண்டாம். ஒருநாள் ஏதோ மேலே விழுந்து தாளும் மாத்திரைகளும் தரையில் சிதறின. அப்புறம்தான் பிளாஸ்டிக்கில் வட்டமாக ஒரு டப்பா செய்தார். 1964இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் வீட்டுக் கோளாறும் எங்கள் வீட்டுக் கோளாறும் ஒன்றுதான்: போட்டோமா இல்லையா.

நம்மூர் மாலா-டி அட்டையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 28 மாத்திரையில் 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பில் ஹார்மோன் கிடையாது, இரும்புச்சத்து. அந்த 7 நாள் சும்மா இருக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தினசரிப் பழக்கம் அறுந்து, எட்டாவது நாள் மறுபடி தொடங்க மறந்துபோகும். அதனால் கைக்கு ஏதாவது ஒன்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, அதைப் போடும் மனுஷியின் கையையும் யோசித்துச் செய்த அட்டை.

பெட்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்துப் போட முடியாது. ஈரம் பட்டால் இளகுவதும் வெளிச்சம் பட்டால் கெடுவதும் உண்டு. வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகாட்ரான், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் இதெல்லாம் அதனதன் உறையிலேயே இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். அம்மாவின் தைராய்டு மாத்திரையும் அதன் குப்பியிலேயே இருக்கிறது. அதற்குத் தடயமாக ஒரு வழி செய்தோம்: போட்டதும் குப்பியைத் தலைகீழாக வைப்பார், ராத்திரி படுக்கப் போகும்போது நிமிர்த்துவார்.

இன்னொன்று கொஞ்சம் பயமான விஷயம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தில் 2016இல் கண்டது: அதுவரை மாத்திரையை ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களைப் பெட்டிக்கு மாற்றியதும் சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பாதி மாத்திரைதான் உள்ளே போனதால் நோய் கட்டுப்படாமல், டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்கலாம். பெட்டி வந்ததும் கூட்டிய அளவு முழுசாக உள்ளே போகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இது விளையாட்டில்லை. பெட்டிக்கு மாறும்போது டாக்டரிடம், இதுவரை எத்தனை விட்டுப்போயிற்று என்ற உண்மைக் கணக்கோடு போய்ச் சொல்லுங்கள்.

பொட்டலமும் இயந்திரமும்

ஜப்பானில் டாக்டர் எழுதிக்கொடுத்தால், ஒருவேளைக்கான எல்லா மாத்திரையையும் ஒரே சின்னப் பையில் போட்டு, பெயரும் வேளையும் அச்சடித்து மருந்துக்கடையிலேயே தருவார்கள். அமெரிக்காவில் இதையே பில்பேக் என்ற கம்பெனி தபாலில் செய்தது, 2018இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை, பெட்டி நிரப்ப வீட்டில் ஆளில்லை என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. டாக்டர் மாதத்தின் நடுவில் ஒரு மாத்திரையை மாற்றினால் எல்லாப் பையையும் பிரிக்க வேண்டியிருக்கும் என்பது தலைவலி. எங்கள் தெருக் கடையில் கேட்டேன். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட காகித உறை தருகிறேன் என்றார்கள். பை கிடைக்காத இடத்தில் அதுவும் நல்லதுதான்.

பூட்டு வைத்த இயந்திரப் பெட்டி நேரமானால் மணியடித்து அந்த வேளைக்கான அறையை மட்டும் திறக்கும். எடுக்காவிட்டால் மகனின் போனுக்குச் செய்தி போகும். ஞாபக மறதி நோய் தொடங்கியவர்களுக்கு இது உயிர்காக்கும், ஏனென்றால் அவர்களிடம் தடயத்தைக் காட்டினாலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போகும். மற்றவர்களுக்கு வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதைப் பயன்படுத்தப்போவது யார்? அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். "எனக்கு வாங்கறியா, உனக்கு வாங்கறியா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

தவிர, பெட்டி காலியானது விழுங்கியதற்குச் சாட்சி இல்லை. சென்னைக்கு இது பழைய பாடம். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளியைக் காசநோய் மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டில் வைத்துக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதைக் கண்டார்கள். உலகமே கவனித்த முடிவு. ஆனால் வீட்டில் மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று தெரிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வெகுகாலம் கழித்து, காசநோயாளி மருந்து போட்டாரா என்று போன் வழியாகக் கண்காணிக்க 99டாட்ஸ் என்ற முறை வந்தது. மாத்திரையை அட்டையிலிருந்து தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் போன் எண் தெரியும், அதற்கு இலவசமாக ஒரு அழைப்பு கொடுக்க வேண்டும். அருமையான யோசனை. ஆனால் சென்னை, மும்பை நோயாளிகளின் சிறுநீரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அழைப்புக் கணக்கு அவ்வளவு நம்பும்படி இல்லை. வேண்டுமென்றே விடுகிறவரை எந்தப் பெட்டியாலும் பிடிக்க முடியாது. உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கால்சியத்தை ஏன் விடுகிறார் என்று டாக்டரிடம் சொன்னோம், வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தக் கோளாறு அதோடு தீர்ந்தது, செலவு பஸ் டிக்கெட்.

எதை யாருக்கு

போட்டோமா என்ற சந்தேகம் என்றால் பெட்டி. வெறும் மறதி என்றால், பழக்கத்தோடு முடிச்சுப் போட்டு இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். கொஞ்ச நாள் மருந்துக்கு அலாரம். மனசு குழம்பத் தொடங்கியவருக்கு இயந்திரம், அதையும் யாராவது நிரப்ப வேண்டும். மருந்து தீர்ந்துபோய் வாங்கப் போகாததுதான் காரணம் என்றால் இவை எதுவும் உதவாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அங்கே பெயரைப் பதியுங்கள்.

அம்மாவுக்கு நாங்கள் எடுத்தது பெட்டியும் பழக்கமும் சேர்ந்த ஒன்று. பெட்டி காலண்டருக்குக் கீழே இருக்கிறது. தாளைக் கிழித்ததும் அன்றைய கிழமை கண்ணில் படும், கீழேயே அந்தக் கிழமையின் குழி. ரிட்டயர் ஆனவர்களுக்கு இன்று என்ன கிழமை என்பதே பாதி நாள் தெரியாது என்பதை யாரும் பெட்டி விற்கும்போது சொல்வதில்லை. அண்ணன் வைத்த அலாரங்களில் மூன்றை எடுத்துவிட்டோம். ராத்திரி ஒன்பதுக்கு மட்டும் ஒன்று அடிக்கிறது, சீரியல் முடியும் நேரம்.

ஞாயிறு சாயங்காலம் பெட்டியை நிரப்புவது நான் இல்லை, அம்மாதான். முதலில் வீடியோ காலில் பார்த்தபடி கூட இருந்தேன், இப்போது அதுவும் இல்லை. நிரப்புகிறவருக்கு எந்த மாத்திரை எது என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. இது சும்மா வசதி இல்லை. மாரடைப்பு வந்தவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2014இல் எழுதியதில், மாத்திரையின் நிறம் மாறிய பிறகு மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறினால் 66 சதவீதமும் கூடியதாகக் கண்டார்கள். உள்ளே அதே மருந்துதான். நம்மூரில் கம்பெனி மாறுவது மாதம் ஒருமுறை நடக்கும்.

போன ஞாயிறு அம்மா போன் செய்தார். "வெள்ளையா உருண்டையா இருக்குமே பிரஷர் மாத்திரை, இப்ப ரோஸ் கலர்ல நீளமா குடுத்திருக்கான். கேட்டா அதே மருந்துதான், கம்பெனி வேறங்கறான். குழிக்குள்ள போடாம தனியா வச்சிருக்கேன். அட்டையப் போட்டோ எடுத்து அனுப்பறேன், பாத்துச் சொல்லு." பார்த்தேன். பெயரும் அளவும் சரியாகவே இருந்தன. போடலாம் என்றேன்.